தாலிச்சங்கிலி, வைரத்தோடு, கெம்பு அட்டிகை: வீட்டிலேயே எதை எப்படிக் கழுவலாம்?

மஞ்சள்கயிறு (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் வீட்டுல கல்யாணம். அதுக்கு முன்னாடி நகையெல்லாம் சுத்தம் பண்ணணும். கடையில மெருகு போடக் கொடுத்தா எடை குறையும்னு சொல்றாங்க, அதனால வீட்டிலேயே பண்ணலாம்னு இருக்கேன். கையில இருக்கறது இவ்வளவு:

தாலிச்சங்கிலி, 22 காரட், தினமும் கழுத்துல கிடக்கிறது. மாங்கல்யத்தோட ரெண்டு குண்டு, நாலு பவளம் கோத்திருக்கு. கண்ணி இடுக்குலயும் குண்டைச் சுத்தியும் கறுப்பா அப்பியிருக்கு.

பழைய ஏழுகல் வைரத்தோடு. பின்பக்கம் தங்கத் தகடு வச்சு மூடியிருக்கு. ஆறு கல் நல்லா அடிக்குது, நடுக்கல் மட்டும் மங்கல்.

கெம்பு அட்டிகை. கல்லு இடுக்குல பவுடரும் வியர்வையும் சேர்ந்து வெள்ளையா காஞ்சு கிடக்கு.

ரெண்டு சரம் முத்துமாலை, லேசா மஞ்சள் தட்டியிருக்கு.

வெள்ளிக் கொலுசு ரெண்டு ஜோடி. ஒண்ணு சாதா, இன்னொண்ணுல பச்சை சிவப்பு எனாமல்.

வீடியோவுல ஒருத்தர் பற்பசைங்கிறார், ஒருத்தர் எலுமிச்சம்பழம், இன்னொருத்தர் ஆப்பசோடா, அலுமினியத் தாள். எது எதுக்கு? எல்லாத்தையும் ஒரே தண்ணியில ஊறப் போடலாமா?

---

உரைகல்

ஒரே தண்ணியில கண்டிப்பா வேண்டாம்மா. தண்ணியை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நகையையும் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க. கல்லோட அடிப்பக்கம் ஓட்டை வழியா வெளிச்சம் தெரிஞ்சா அது திறந்த கட்டடம் (கட்டடம்னா கல்லைப் பதிச்சிருக்கிற விதம்). அதைக் கழுவலாம். பின்னாடி தகடு மூடியிருந்தா அது மூடின கட்டடம், அதுக்குள்ள அரக்கோ, கல்லுக்கு அடியில வச்ச ரேக்குத் தாளோ (பளபளன்னு இருக்கிற மெல்லிசு உலோகத் தாள்) இருக்கு. அதை முக்கவே கூடாது. முன்பக்கம் எவ்வளவு அழுக்கா இருந்தாலும் சரி, தண்ணியா துணியான்னு முடிவு பண்றது பின்பக்கம்தான். நீங்க சொன்னதுல தோடும் அட்டிகையும் துணிக் கணக்கு. சங்கிலியும் சாதாக் கொலுசும் தண்ணிக் கணக்கு. முத்து, பவளத்தைக் கல் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

முதல்ல தாலிச்சங்கிலி.

வாஷ்பேசின்ல வச்சு நகை கழுவாதீங்க. தேய்ஞ்ச வளையம் ஒண்ணு விட்டுச்சுன்னா குண்டு நேரா குழாய்க்குள்ள போயிடும். ஒரு தாம்பாளத்துல வெள்ளைத் துணி விரிச்சு, அது மேல ரெண்டு கிண்ணம் வைங்க. கண்ணாடி இல்ல பீங்கான். ஒண்ணுல 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் 3, 4 சொட்டு. இன்னொண்ணுல வெறும் தண்ணி, அலச. சூடு எவ்வளவுன்னா, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு. அதுக்கு மேல போகாதீங்க. ஏன்னா தாலிக் குண்டு நிறைய இடத்துல உள்ளே பொள்ளலா அடிச்சு அரக்கு ஊத்தினதா இருக்கும். அரக்கு 65, 70 டிகிரிக்கே இளக ஆரம்பிச்சிடும். கொதிக்கிற தண்ணியில போட்டா ஓட்டை வழியா அரக்கு கசிஞ்சு வரும். அரக்குதான் அந்த மெல்லிசுத் தகட்டைத் தாங்கிட்டிருக்கு, அது போனா குண்டு அழுந்தின இடத்துல நசுங்கும்.

சோப்புக் கட்டி வேண்டாம், லிக்விட்தான். போர் தண்ணி உப்புத் தண்ணியா இருந்தா சோப்பு அதோட சேர்ந்து திரிஞ்சு, வெள்ளைப் படலமா கண்ணிக்குள்ள உக்காந்துக்கும். அப்புறம் அதை எடுக்கிறது தனி வேலை. கடைசியா அலசறதுக்கு மட்டுமாவது ஆர்.ஓ. தண்ணி எடுத்துக்கோங்க. உப்புத் தண்ணி காஞ்சா தங்கத்துல திட்டுத் திட்டா கறை நிக்கும்.

சங்கிலியை 15 நிமிஷம் ஊறவிடுங்க. பவளம் கோத்த பகுதி கிண்ணத்துக்கு வெளியே துணி மேல கிடக்கட்டும். குழந்தைங்க பல் தேய்க்கிற மிருதுவான பிரஷ் புதுசா ஒண்ணு இதுக்குன்னே வச்சுக்கோங்க. பெரியவங்க பிரஷோட நார் 22 காரட்டுக்குக் கடுசு. சங்கிலியை உள்ளங்கையில படுக்கப் போட்டு, கண்ணி ஓடுற வாட்டத்துலயே தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா மெருகு போன மாதிரி மங்கலாயிடும். குண்டு காதுல, அதாவது குண்டு தொங்குற வளையத்துல, அழுக்கு இறுகியிருந்தா, பல்குச்சி முனையில பஞ்சு சுத்தி நனைச்சு எடுங்க. ஊசி, பின் எதையும் விடாதீங்க.

அலசிட்டுப் பழைய மல்வேட்டித் துணியில ஒத்தி எடுங்க, துடைக்க வேண்டாம். குண்டோட ஓட்டை கீழ பார்த்த மாதிரி தொங்கவிட்டு ராத்திரி பூரா ஃபேன் காத்துல விடுங்க. காதுகிட்ட வச்சு ஆட்டினா சலசலன்னு கேட்டா உள்ளே இன்னும் தண்ணி இருக்கு. கழுவின தண்ணியை உடனே கொட்டாதீங்க. டீ வடிகட்டி வழியா ஊத்திப் பார்த்துட்டுக் கொட்டுங்க.

பற்பசை கூடவே கூடாது. அதுல பல்லைத் தேய்க்கிறதுக்குன்னே மெல்லிசான சுண்ணாம்புப் பொடியோ சிலிக்காவோ போட்டிருக்காங்க. பல்லு தாங்கும், 22 காரட் தங்கம் பல்லை விட மெத்தை. தேய்க்கத் தேய்க்கப் பளபளன்னு தெரியறது புதுசா விழுந்த கீறல் அடிக்கிற வெளிச்சம், கூடவே தங்கமும் போகுது. கல்லு வச்ச நகைன்னா பசை கல்லுக்கு அடியில போய்க் காஞ்சு, வெள்ளையா நின்னுடும்.

---

தாழம்பூ

உரைகல் அண்ணா சொன்னது சரி. தங்கத்துக்கு லிக்விட் பிடிக்காதவங்க பூந்திக்கொட்டை எடுத்துக்கலாம், பட்டறையிலேயே அதுதானே பழைய வழக்கம். 5 கொட்டையை உடைச்சு விதையை எடுத்துட்டு, தோலை மட்டும் ஒரு டம்ளர் வெந்நீர்ல அரைமணி நேரம் ஊறவச்சுக் கையால பிசைஞ்சா நுரை வரும். துணியில வடிகட்டிட்டு, சூடு ஆறினதும் நகையைப் போடுங்க. வடிகட்டாம போட்டா தோல் சக்கை கண்ணிக்குள்ள சிக்கும். கண்ணுல தெறிக்காம பார்த்துக்கோங்க, ரொம்ப எரியும்.

கொலுசுக்கு வர்றேன். சாதா ஜோடிக்கு அந்த அலுமினியத் தாள் முறை நிஜமாவே வேலை செய்யுது. ஒரு பிளாஸ்டிக் டப்பாவோ கண்ணாடிப் பாத்திரமோ எடுத்து அடியில தாளை விரிங்க. 1 லிட்டர் நல்ல சூடான தண்ணி, 1 மேசைக்கரண்டி ஆப்பசோடா, 1 மேசைக்கரண்டி கல்லுப்பு. கொலுசு தாள் மேல படணும், அதுதான் முக்கியம். தாள் மேல படாம தண்ணியில மட்டும் மிதந்தா ஒண்ணும் ஆகாது. வெள்ளி மேல இருக்கிற கறுப்பு, வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. அலுமினியம் அந்தக் கந்தகத்தை இழுத்துக்கும், வெள்ளி இருந்த இடத்துலயே நிக்கும். தேய்ச்சா கறுப்போட வெள்ளியும் கொஞ்சம் போயிடும், இதுல போறதில்லை. அழுகின முட்டை வாடை வரும், அது கந்தகம் வெளியேறுற வாடைதான், ஜன்னலைத் திறந்து வைங்க. 3 நிமிஷம், மிஞ்சிப் போனா 5. இன்னும் கறுப்பு இருந்தா புதுத் தாள் போட்டு இன்னொரு தடவை.

எனாமல் ஜோடியை இதுல போடாதீங்க. இப்ப வர்ற கொலுசுல நிறைய, சூளையில சுட்ட எனாமல் கிடையாது, மேல பூசின வர்ணம். சூட்டுக்கும் சோடாவுக்கும் உரிஞ்சு வரும். அதை ஈரத்துணியில ஒரு சொட்டு லிக்விட் விட்டுத் துடைச்சு, வெள்ளி தெரியற இடத்தை மட்டும் விபூதியால துடைங்க. விபூதியை மல்துணியில சலிச்சுக்கணும். விரல் நடுவுல தேய்ச்சுப் பார்த்தா நறநறன்னு இருக்கக் கூடாது. மண் கலந்த விபூதி வெள்ளியைக் கீறிடும். இன்னொண்ணு, வேணும்னே கறுப்பு ஏத்தின ஆக்சிடைஸ்டு வெள்ளியைத் தாள் முறையில போட்டா பள்ளத்துல இருக்கிற கறுப்பும் சேர்ந்து போய், டிசைனே தெரியாது.

கழுவி முடிச்ச வெள்ளியை ஜிப் கவர்ல காத்தை அமுக்கி எடுத்துட்டு வைங்க. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க, ரப்பர்ல கந்தகம் இருக்கு. கட்டின இடத்துல மட்டும் கோடு போட்ட மாதிரி கறுத்து நிக்கும்.

---

கல்நோக்கி

பூந்திக்கொட்டை பற்றி ஒரு திருத்தம். அந்த நுரைத் தண்ணீர் லேசான புளிப்புத் தன்மை உடையது. தங்கத்துக்கும் வைரத்துக்கும் கெடுதல் இல்லை. ஆனால் முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்பு, இரண்டுமே கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர், பூந்திக்கொட்டை என்று புளிப்பு எதுவானாலும் மேற்பரப்பை அரிக்கும். எலுமிச்சைச் சாற்றில் முத்தைப் போட்டால் சிறு குமிழ்கள் எழும். கரைவது முத்துதான். அந்தப் பளபளப்பு மேலே இருக்கும் மெல்லிய அடுக்குகளால் வருவது, கரைந்ததை எந்தக் கடையிலும் திரும்பப் போட முடியாது.

ஆகவே தாலியில் இருக்கும் பவளத்துக்கு நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி போதும். துடைக்கும்போது துணியில் இளஞ்சிவப்பு ஏறினால் அது சாயம் ஏற்றிய பவளம், அதை ஈரத்துணிகூட இல்லாமல் உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

முத்துமாலையின் மஞ்சள் இரண்டு வகை. மேலே படிந்த எண்ணெயும் வியர்வையும் என்றால் ஈரத்துணியில் வந்துவிடும். ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, மாலையைத் துணியின் மேல் கிடத்தி முழு ஒரு நாள் உலரவிடுங்கள். தொங்கவிடக் கூடாது. ஈரமான பட்டு நூல் முத்தின் எடைக்கே நீண்டுவிடும். வயதால் உள்ளிருந்து வந்த மஞ்சள் என்றால் அது போகாது. பிளீச்சில் போடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி தெரிந்தால் கோர்வை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடிக்கடி அணிகிற மாலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை கோர்வை மாற்றுவது நல்லது. முத்துகளுக்கிடையே முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும், முத்தோடு முத்து உரசவும் செய்யாது. முத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வருடக்கணக்கில் லாக்கரில் வைக்க வேண்டாம். அதற்குள் இயல்பாகவே சிறிதளவு நீர் உண்டு, மிகவும் வறண்டால் வெடிப்பு விழும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், அவ்வப்போது எடுத்து அணியுங்கள்.

வைரத்தோட்டுக்கு வருவோம். வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் தடவிய மேசை மேல் ஓடவிட்டுத்தான் வைரத்தைப் பிரித்தார்கள். மற்றக் கற்கள் தண்ணீரோடு போய்விடும், வைரம் கிரீஸில் ஒட்டி நிற்கும். தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் காதில் இருக்கும் தோட்டுக்கும் நடப்பது அதேதான். வைரம் அடிப்பதற்குக் காரணம், மேலிருந்து நுழையும் வெளிச்சம் அடிப்பட்டைகளில் மோதி மேலேயே திரும்புவது. அடிப்பட்டைக்குப் பின்னால் காற்று இருக்கும்வரை 24 பாகைக்கு மேல் சாய்ந்து விழும் வெளிச்சம் எல்லாம் திரும்பிவிடும். அங்கே எண்ணெய் ஒட்டினால் அந்த எல்லை 37 பாகை அளவுக்கு ஏறிவிடும், இடையில் உள்ள வெளிச்சம் பின்பக்கமாக ஒழுகிப் போய்விடும். கல் சாம்பல் பூத்தது போல் தெரிவது இதனால்தான். திறந்த கட்டடத் தோடாக இருந்தால் 20 நிமிடம் லிக்விட் தண்ணீரில் ஊறவைத்து, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும்.

உங்களுடையது மூடின கட்டடம். முதலில் சிக்கல் வெளியிலா உள்ளேயா என்று பாருங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, நடுக்கல்லின் முகத்தைச் சுற்றி விளிம்புவரை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மங்கல் போனால் வெளியழுக்கு. போகவில்லை என்றால் பிடிப்பில் இடைவெளி விழுந்து எண்ணெயோ ஈரமோ உள்ளே போயிருக்கிறது, அல்லது அடியில் வைத்த தாள் கறுத்திருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய வழி இல்லை. பின்தகட்டைப் பிரித்துத் தாளை மாற்ற வேண்டும். பழைய மூடின கட்டடம் செய்யத் தெரிந்த ஆசாரியிடம் மட்டும் கொடுங்கள்.

கெம்பு அட்டிகைக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கூடுதலாக. நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகை வேலையில் வருவது போன்ற அட்டிகைகளில் கல்லைத் தாங்குவதே அரக்குதான். சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், சென்ட், நகப்பூச்சு நீக்கி எதுவும் அருகில் வரக் கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். நீங்கள் சொல்லும் வெள்ளைப் படிவை முதலில் ஈரமில்லாமல் எடுக்கப் பாருங்கள். ஓவியம் வரையும் 2ஆம் எண் தூரிகையால் அட்டிகையை முகம் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு தட்டித் தட்டித் துலக்கினால் பொடி கீழே உதிரும். முகம் மேலே இருந்தால் அதே பொடி கல்லோரத்தில் இன்னும் ஆழமாக இறங்கும். மீதி ஒட்டியிருப்பதற்குப் பஞ்சுக் குச்சி, கையில் அழுத்தினால் சொட்டு வராத அளவு ஈரம், ஒரு கல்லுக்கு ஒரு குச்சி. துடைத்த கல்லை உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடுத்த கல். பொறுமை வேண்டும், 60 கல் அட்டிகைக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும்.

---

மஞ்சள்கயிறு

ரொம்ப நன்றி. தோட்டைத் துடைச்சுப் பார்த்தேன், நடுக்கல் மங்கல் போகலை. அப்ப உள்ளேதான். ஆசாரிகிட்ட எடுத்துட்டுப் போறேன்.

சங்கிலியில ஒரு சந்தேகம். லிக்விட்ல ஊறின பிறகும் கண்ணி இடுக்குல பிசுக்கு இருந்துது. அரைக் கரண்டி ஆப்பசோடா சேர்த்தேன். கொஞ்ச நேரத்துல தண்ணி செம்பழுப்பா மாறிடுச்சு. தங்கத்துல கலந்த செம்பு கரையுதோன்னு உடனே எடுத்துட்டேன். எடை போயிருக்குமா?

---

தாழம்பூ

செம்பு இல்லம்மா, அது மஞ்சள்! மஞ்சளோட சோடா, சோப்பு மாதிரி காரம் சேர்ந்தா சிவக்கும். வேட்டியில மஞ்சள் கறை பட்ட இடத்துல சோப்பு போட்டா சிவப்பாகுமே, அதுவேதான். குங்குமமே மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்துத்தானே பண்றாங்க. தாலியில தினமும் மஞ்சள் பூசறீங்கன்னா கண்ணிக்குள்ள அவ்வளவு படிஞ்சிருக்கும். ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க, மூணாவது தடவை தெளிஞ்சிடும்.

---

உரைகல்

ஆமா, மஞ்சள்தான். ஆப்பசோடாவுக்குத் தங்கமும் கரையாது, அதுல இருக்கிற செம்பும் கரையாது. தண்ணியில கரைச்சு விட்டா கெடுதலே இல்ல. தூளாவே வச்சுத் தேய்க்காம இருந்தா சரி.

பிசுக்கு போன பிறகும் கண்ணி உள்வளைவுல கறுப்பு தெரிஞ்சா அது அழுக்கு இல்ல. 22 காரட்னா நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், மீதி 8.4 பங்கு வெள்ளியும் செம்பும். வியர்வைக்கும் கந்தகத்துக்கும் அதுதான் கறுக்கும், தங்கம் கறுக்காது. மெத்தை மல்துணியால கொஞ்ச நேரம் தேய்ச்சாலே பாதி போயிடும். இடுக்குல நிக்கிறதை விட்டுடுங்க, கெடுதல் ஒண்ணும் இல்ல.

நகை கையில இருக்கும்போதே கண்ணியைப் பாருங்க. ரெண்டு வளையம் ஒண்ணோட ஒண்ணு கோத்து உரசுற உள்வளைவு, கொக்கி மாட்டுற எஸ் வளையம், குண்டு தொங்குற காது. தேய்மானம் முதல்ல இந்த மூணு இடத்துலதான். கம்பி பாதி கனத்துக்கு வந்திருந்தா உடனே பட்டறைக்கு எடுத்துட்டு வாங்க. பத்தவைக்கிறதுக்கு முன்னாடி பவளத்தைக் கழட்டச் சொல்லுங்க. நெருப்புக்கும், பத்தவச்ச பிறகு முக்குற ஆசிட்டுக்கும் பவளம் தாங்காது.

தாலிச்சங்கிலியில ஊக்கு மாட்டி வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க. ஊக்கு இரும்பு. தங்கம் அதுக்கு முன்னாடி வெண்ணெய் மாதிரி. தினமும் ஆடி ஆடி அது தொங்குற கண்ணியை அரம் மாதிரி அராவிடும். சங்கிலி அறுந்து வர்றவங்க நகையைப் பார்த்தா அறுந்த இடத்துக்குப் பக்கத்துலயே ஊக்கு தொங்கிட்டிருக்கும்.

---

கொன்றைப்பூ

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நவரத்தின மோதிரம் ஒன்று இருக்கிறது. பின்பக்கம் ஒன்பது கல்லுக்கும் ஓட்டை இருக்கிறது, அதனால் திறந்த கட்டடம்தான். அப்படியானால் ஊறவைக்கலாமா? இணையத்தில் விற்கிற அல்ட்ராசோனிக் டப்பாவில் போடலாமா?

---

கல்நோக்கி

அல்ட்ராசோனிக் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். கட்டடம் திறந்ததாக இருந்தாலும் இந்த மோதிரத்தில் முடிவெடுப்பது ஒன்பதில் மிக மெல்லிய கல். வைரம், மாணிக்கம், நீலம், புஷ்பராகம் நான்கும் வலுவானவை. முத்தும் பவளமும் நகத்தைவிடக் கொஞ்சம்தான் கடினம், புளிப்பும் தாங்காது, சூடும் தாங்காது. மரகதத்தில் இயற்கையிலேயே விரிசல்கள் உண்டு. பெரும்பாலான மரகதங்களில் அந்த விரிசல் தெரியாமல் இருக்க எண்ணெய் ஏற்றித்தான் விற்கிறார்கள். சூடான சோப்புத் தண்ணீரில் ஊறினால் அந்த எண்ணெய் வெளியேறி, அதுவரை தெரியாத விரிசல் வெள்ளைக் கீற்றாக வந்து நிற்கும். அல்ட்ராசோனிக்கில் தண்ணீர் நொடிக்கு 40,000 தடவை அதிர்கிறது, விரிசல் உள்ள கல்லில் அது பெரிதாகும், கல்லைப் பிடிக்கும் உலோக நகம் தளர்ந்திருந்தால் கல் கழன்று விழும்.

மாணிக்கத்திலும் ஒரு சங்கதி. விலை மலிந்த மாணிக்கங்கள் பலவற்றில் விரிசலுக்குள் ஈயம் கலந்த கண்ணாடி நிரப்பியிருக்கும். எலுமிச்சைச் சாறு அந்தக் கண்ணாடியை அரித்து, கல்லின் மேல் கோடு கோடாகப் பள்ளம் விழவைக்கும்.

அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர், ஒரு சொட்டு லிக்விட், மிருதுவான பிரஷை அதில் நனைத்து உதறிவிட்டு மோதிரத்தின் பின்பக்கத்தை அரை நிமிடம் துலக்குங்கள். முத்தையும் பவளத்தையும் பிரஷ் தொடாமல் துணியால் துடையுங்கள். வெறும் தண்ணீரில் ஒருமுறை காட்டி எடுத்து ஒற்றிவிடுங்கள். சானிடைசர் பூசும்போது மோதிரத்தைக் கழற்றி வைப்பது இதைவிடப் பெரிய உபகாரம். முத்தின் பளபளப்பு போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்னச் சின்ன நனைதல்களில்தான்.

---

மஞ்சள்கயிறு

மூணாவது தண்ணி தெளிஞ்சிடுச்சு! சங்கிலி கல்யாணத்தன்னைக்கு இருந்த மாதிரி இருக்கு.

கடைசியா ஒண்ணு. தோட்டை ஆசாரிகிட்டக் கொடுக்கும்போது என்ன கவனிக்கணும்? அங்கேயே மத்ததையும் மெருகு போடச் சொல்லலாமா?

---

உரைகல்

கொடுக்கிறதுக்கு முன்னாடி தோட்டோட முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் நல்ல வெளிச்சத்துல கிட்டக்க போட்டோ எடுத்து வைங்க. உங்க கண்ணெதிர்ல எடை போடச் சொல்லி மில்லிகிராம் வரைக்கும் சீட்டுல எழுதி வாங்குங்க. கல் எத்தனை, பின்பக்கத் தகடு பழசையே திரும்ப வைக்கப் போறாங்களா புதுசான்னும் எழுதணும். திரும்ப வாங்கும்போது அதே தராசுல எடை. புதுத் தகடுன்னா எடை கொஞ்சம் மாறும், அது எவ்வளவுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. நேர்மையா வேலை செய்யறவர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

தண்டுல திருகாணி ஏர்ற மரையையும் பார்க்கச் சொல்லுங்க. இறுக்கிட்டே போகும்போது பிடிக்காம வழுக்கினா மரை தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். எண்ணெயும் முடியும் மரையில சுத்தியிருந்தாலும் அதே மாதிரி வழுக்கும். அதனால முதல்ல பருத்தி நூலை மரையில சுத்தி இழுத்துச் சுத்தம் பண்ணிட்டுப் பாருங்க.

மெருகு பத்திச் சொல்லணும்னா, மெருகு மெஷின்ல பிடிச்சா மேல்தோல் போகத்தான் செய்யும், கீறலை எடுக்கிறதே அப்படித்தான். கல்யாணத்துக்கு ஒரு தடவை பரவாயில்ல. வருஷா வருஷம் போட்டா சித்திர வேலையெல்லாம் மழுங்கிப் போயிடும். உங்க சங்கிலி இப்பவே சுத்தமா இருக்கு, தேவையில்ல. கெம்பு அட்டிகையை மெஷினுக்கும் ஸ்டீமுக்கும் கொடுக்கவே கூடாது.

வீட்டு வாசல்ல வந்து பாலிஷ் போட்டுத் தர்றேன்னு நிக்கிறவங்ககிட்ட ஒரு மூக்குத்திகூடக் கொடுக்காதீங்க. அவங்க கிண்ணத்துல இருக்கிறது ராஜதிராவகமா இருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 3 பங்கு, நைட்ரிக் ஆசிட் 1 பங்கு. தங்கத்தைக் கரைக்கிற தண்ணி அது. நகை உங்க கண்ணு முன்னாடியே இருக்கும், பளபளன்னு திரும்பி வரும், கரைஞ்ச தங்கம் கிண்ணத்தோட தெருக்கோடி தாண்டிடும். அப்புறம் எடை போட்டாத்தான் தெரியும். வீட்டுல வச்சுக்க 0.01 கிராம் காட்டுற சின்ன தராசு ஒண்ணு வாங்குங்க. சமையல் தராசு 1 கிராமுக்குக் கீழ காட்டாது, இதுக்கு உதவாது. ஒவ்வொரு நகையோட எடையையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

பாதரசமும் கவனம். பழைய தெர்மாமீட்டர் உடைஞ்சு ஒரு பொட்டு பட்டாலும் அந்த இடம் வெள்ளி மாதிரி வெளுத்துடும். அப்படி ஆயிட்டா மத்த நகையோட சேர்க்காம தனி டப்பாவுல போட்டுப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. அடுப்புல காட்டி எடுக்கப் பார்க்காதீங்க, அந்த ஆவி விஷம். பாத்ரூம் கழுவும்போது பிளீச்சிங் பவுடர்ல மோதிரம், வளையல் படக் கூடாது. 18 காரட் வெள்ளைத் தங்கம்னா அந்தக் குளோரின் பத்தவச்ச இடத்துலயும் கல்லைப் பிடிக்கிற நகத்துலயும் வெடிப்பு விழ வைக்கும்.

கல்யாணத்தன்னைக்குத் தலைக்கு எண்ணெய், முகத்துக்குப் பவுடர், சென்ட் எல்லாம் முடிச்ச பிறகு நகை போடுங்க. ராத்திரி வந்ததும் முதல்ல நகையைக் கழட்டி, மல்துணியால வியர்வையைத் துடைச்சு, ஃபேன் காத்துல அரைமணி நேரம் வச்சுட்டுப் பெட்டியில வைங்க. ஒவ்வொண்ணும் தனித்தனித் துணியில. அட்டிகையை மட்டும் மடிக்காம, மாலையோட வளைவுலயே படுக்க வைங்க.